ஹார்டிங்ஃபேலெ: தந்தியும் மையும் சேர்ந்த கருவி

கேள்வியின் சுருக்கம் இது: ஒஸ்லோவில் வளரும் 16 வயது மகள். ஏழு வருடம் கர்நாடக வயலின் படித்திருக்கிறாள், மைப்பேனாவில் படமும் வரைகிறாள். நோர்வேயின் நாட்டார் ஃபிடிலான ஹார்டிங்ஃபேலெயை ஒருமுறை கிட்டத்தில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சில்லை. வாசிப்பு, வரைவு இரண்டையும் பிடித்துக்கொண்டால் இரண்டும் அரைகுறையாகிவிடாதா? இந்தக் கலைஞர்களுக்குக் கற்பனை எங்கிருந்து கிடைக்கிறது? எதில் தொடங்குவது? இப்போது வைத்திருக்கும் வயலின்மேலேயே வரையலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில்: வேண்டாம். காரணம் கீழே வருகிறது. மற்றபடி, இரண்டும் அரைகுறையாகும் என்ற பயம் பொதுவாக நியாயமானதுதான், ஆனால் இந்தக் கருவி விஷயத்தில் பொருந்தாது. ஹார்டிங்ஃபேலெயில் படம் என்பது வாசிப்புக்குப் பிறகு ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. அதன் மெட்டும் அதன்மேல் ஓடும் கொடியும் ஒரே விதமாகத்தான் கட்டப்படுகின்றன: ஒரு சின்னத் துணுக்கு, அதைத் திருப்பிச் சொல்வது, திருப்பும்போது கொஞ்சம் மாற்றுவது. இதைப் பிடித்துக்கொண்டால் ஒன்றில் செய்த பயிற்சி மற்றதற்கும் உதவும்.

முதலில் கருவி. மேலே வில் படும் நான்கு தந்திகள். அவற்றுக்குக் கீழே, விரற்பலகையின் குடைந்த அடிப்பக்கத்தில் நுழைந்து, தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரையின் நடுத்துளை வழியாக ஓடும் நான்கு அல்லது ஐந்து மெல்லிய எஃகுத் தந்திகள். நோர்வேக்காரர்கள் இவற்றைச் சொல்லும் பெயரை அப்படியே தமிழில் வைத்தால் அடித்தந்திகள். இவற்றை யாரும் தொடுவதில்லை. மேலே ஒரு சுரம் சரியாக விழுந்தால் அதே சுரத்துக்குச் சேர்த்த அடித்தந்தி தானாக அதிரும். சிதாரிலும் சாரங்கியிலும் நடப்பது இதுதான். ஆக தந்தியை முறுக்கும் பிரடைகள் 8 அல்லது 9, அதனால் நீண்ட தலை, அதன் நுனியில் சுருளுக்குப் பதிலாக முடிசூடிய சிங்கமுகமோ பெண்முகமோ. கழுத்து வயலினைவிடச் சிறிது குட்டை. குதிரையும் விரற்பலகையும் தட்டையானவை, அதனால் வில் ஏறக்குறைய எப்போதும் இரண்டு தந்திகளில் சேர்ந்தே படும். விரற்பலகையிலும் வால்கட்டையிலும் முத்துச்சிப்பி, எலும்பு, கொம்பு பதித்திருக்கும். உடம்பெங்கும் கறுப்பு மையில் கொடியும் பூவும். இந்த மைவேலைக்கு ரோசிங் என்று பெயர்.

வழக்கமான சுருதி ஏ-டி-ஏ-ஈ என்று எழுதப்படும், ஒலிப்பது அதைவிட ஒரு முழுச் சுரமாவது மேலே. அடித்தந்திகள் ஐந்தும் பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ. டியை சட்ஜமாக வைத்துப் பாருங்கள்: த, ச, ரி, க, ப. மோகனம்! இதில் இந்தியத் தொடர்பு எதுவும் இல்லை, ஐந்து சுரங்கள் தற்செயலாக ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான். ஆனால் கர்நாடகக் காதுள்ள பெண்ணுக்கு அடித்தந்திகளைச் சேர்க்க இதைவிட நல்ல கைப்பிடி கிடைக்காது. மோகனத்தை மனதுக்குள் பாடிக்கொண்டே பிரடையைத் திருப்பலாம்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண வயலின் தந்தியைப் போட்டு இந்தச் சுருதிக்கு இழுப்பார்கள். தந்தியின் நீளம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுரம் ஏற்றினால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடும். வயலினின் தடித்த தந்தியான ஜி இங்கே எழுத்தில் ஏ, ஒலியில் பி. அதாவது நான்கு அரைச்சுரம் மேலே. இழுவிசை ஏறக்குறைய 60 சதவீதம் கூடிவிடும். மேற்பலகை மெல்லியது, கூடவே ஐந்து எஃகுத் தந்திகளின் பாரமும் இருக்கிறது. பலகை குதிரையின் காலடியில் அமுங்கும், எஃப் வடிவ ஒலித்துளையின் ஓரத்தில் வெடிக்கும். இந்தக் கருவிக்கென்றே விற்கும் மெல்லிய தந்திகளை மட்டும் போடுங்கள். அவற்றில் குடல்தந்தியும் உண்டு.

அடுத்த தொல்லை இரைச்சல். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் 'ர்ர்ர்' என்று கேட்கும். கருவி பழுதென்று பயப்பட வேண்டாம். ஒரு காகிதத் துண்டை மடித்து, அடித்தந்திகளை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டு அதே சுரத்தை வாசியுங்கள். எதை அமுக்கும்போது இரைச்சல் நிற்கிறதோ அந்தத் தந்திதான் விரற்பலகையின் அடியிலோ குதிரைத் துளையின் ஓரத்திலோ உரசுகிறது. எல்லாவற்றையும் அமுக்கியும் நிற்கவில்லையென்றால் பதித்த சிப்பித் துண்டு ஏதாவது தளர்ந்திருக்கும். நோர்வேயின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து பிரடைகள் சுருங்கி வழுக்கும், பலகை வெடிக்கவும் கூடும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் இடையே இருந்தால் போதும், ஒரு சின்ன ஈரமானி வாங்கிக் கருவிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.

சுருதி ஒன்றோடு நிற்பதில்லை. இருபதுக்கும் மேற்பட்ட சுருதிமுறைகள் உண்டு. ஏ-ஈ-ஏ-ஈ வைத்தால் அது நம் ச-ப-ச-ப தான், கை உடனே வீட்டுக்கு வந்ததுபோல உணரும். ஏ-ஈ-ஏ-சி ஷார்ப் வைத்தால் பூதச் சுருதி என்பார்கள். ஹல்லிங்டால் பள்ளத்தாக்கின் கல்யாண வீடொன்றில் இருவர் கத்தியோடு மோதிக்கொண்டிருக்க, நிலவறையில் பீர்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து பிசாசு வாசித்ததாகச் சொல்லப்படும் மெட்டு இந்தச் சுருதியில்தான் வாசிக்கப்படுகிறது. கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் சுருதி மாற்றும்போது அடித்தந்திகளையும் மாற்ற வேண்டும், மாற்றிய கருவி ஒரு நிலைக்கு வர நேரமும் பிடிக்கும். முதல் ஆறு மாதம் ஒரே சுருதியில் இருப்பது நல்லது.

இனி மெட்டு. ஸ்லொட் என்று அழைக்கப்படும் நடன மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு தாளச்சுற்று நீளமுள்ள சிறு துணுக்குகளால் ஆனவை. துணுக்கை வேக் என்பார்கள். ஒரு வேக்கை இருமுறை வாசித்து, மூன்றாம் முறை கடைசி இரண்டு சுரத்தை மாற்றி, அந்த மாற்றத்தையே அடுத்த வேக்கின் தலையாக்கி நகர்வார்கள். எத்தனை முறை திருப்புவது என்பது வாசிப்பவரின் கையில். இதைத் தாளிலிருந்து படித்தால் உயிர் போய்விடும். பெரியவர்கள் காதால் கேட்டுத்தான் கற்றார்கள், குருமுகமாகப் படித்த உங்கள் மகளுக்கு அது புதிதல்ல. இன்னொன்றும் பழக்கமாகவே இருக்கும்: ஒவ்வொரு மெட்டையும் இன்னாரின் வழி என்று பெயர் சொல்லித்தான் வாசிப்பார்கள். நம்மூர்ப் பாடாந்தரம் என்ற சொல்லை அங்கே அப்படியே வைக்கலாம். 'மில்லர்குட்டனின் வழி' என்று சொன்னால், 1801 முதல் 1872 வரை வாழ்ந்த, டெலிமார்க் மாவட்டத்தின் டோர்கைர் ஆவ்குன்சன். மில்லர்குட்டன் என்றால் மாவாலைக்காரர் மகன். உலகம் சுற்றிய வயலின் மேதை ஊலெ புல் 1849இல் இவரைத் தலைநகரின் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அதுவரை களத்துமேட்டு வாத்தியமாக இருந்தது, உட்கார்ந்து கேட்கும் வாத்தியமாக மாறத் தொடங்கியது அங்கேதான். பிறகு இன்னொரு டெலிமார்க் கலைஞரான க்னூட் டாலெயின் மெட்டுகளை யூஹான் ஹால்வொர்சன் எழுதியெடுக்க, நோர்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் அவற்றைப் பியானோவுக்கு ஆக்கி 1903இல் வெளியிட்டார். அந்தப் பியானோ வடிவத்தைக் கேட்டு ஃபிடில் பழகக் கூடாது. பியானோவில் தாளம் சீராகிவிட்டது.

தாளம்தான் உண்மையான மலை. ஸ்பிரிங்கார் என்ற நடனம் தாளில் மூன்றடி. திஸ்ரம் என்று எண்ணித் தொடையில் தட்டினால் முதல் வரியிலேயே தவறும், ஏனென்றால் மூன்று அடிகளும் சம நீளமில்லை. டெலிமார்க் ஸ்பிரிங்காரில் முதல் அடி நெடிது, இரண்டாவது நடுத்தரம், மூன்றாவது குறிது. வல்ட்ரெஸ் பக்கம் போனால் முதல் அடி குறிது, இரண்டாவது நெடிது. இதை மெட்ரோனோம் வைத்துப் பழக முடியாது, பழகவும் கூடாது. நடனத்தை ஆடிப் பழக வேண்டும். உடம்பு இறங்கி எழும் இடத்தில்தான் அந்த நீளம் இருக்கிறது. ஆடத் தயக்கமென்றால் ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டு வயலினைத் தொடாமல் பாதத்தால் மட்டும் ஒரு வாரம் தட்டட்டும். கலைஞர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வாசிப்பது பழக்கதோஷம் அல்ல, அது இசையின் பாகம். காங்கார், ஹல்லிங் என்ற நடனங்களுக்கு அடி சீரானது. தொடங்குபவர்களுக்கு காங்கார்தான் பொருத்தம்.

கர்நாடகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது எது, விட வேண்டியது எது? காது, சுருதிப் பிடிவாதம், மனப்பாடம், மூன்றும் சொத்து. விட வேண்டியது வழுக்கிச் செல்லும் இடதுகை. காலில் தலைப்பகுதியை ஊன்றி உட்கார்ந்து வாசிக்கும்போது இடதுகை சுதந்திரமாக மேலும் கீழும் போகும். இங்கே கருவியைத் தோளிலோ மார்பிலோ வைப்பார்கள், விரல்கள் ஏறக்குறைய எப்போதும் முதல் நிலையிலேயே நிற்கும். ஜாரு, கம்பிதம் என்ற கமகங்கள் வந்தால் அடித்தந்திகள் எதற்கு அதிர்வது என்று தெரியாமல் வாய்மூடிக்கொள்ளும். அலங்காரமெல்லாம் விரலைச் சட்டென்று தட்டி எடுப்பதில் இருக்கிறது. சுரத்தை நடுங்கவைக்கும் மேற்கத்திய வைப்ராட்டோவும் வேண்டாம். பழைய வாசிப்புகளில் சில சுரங்கள் பியானோக் கட்டைகளுக்கு நடுவே விழும். நோர்வேப் பிள்ளைகள் அதைப் 'பிசகு' என்று திருத்திவிடுவார்கள். இருபத்திரண்டு சுருதி பற்றிக் கேட்டு வளர்ந்தவள் திருத்தாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

இப்போது மைக்கு வருவோம். பெயரில் குழப்பம் வேண்டாம்: பெட்டி, அலமாரி, சுவர் ஆகியவற்றில் வண்ணத்தால் தீட்டுவது ரூசமாலிங், ஃபிடிலில் கறுப்பு மைக்கோட்டால் வரைவது ரோசிங். இரண்டும் ஒரே தோட்டத்துக் கொடிகள்தான். மூலம் அக்காந்தஸ் என்ற இலைக்கொடி, அடிப்படை வளைவுகள் இரண்டே: ஆங்கில எழுத்து சி போல ஒன்று, எஸ் போல ஒன்று. ஃபிடிலில் இந்த வேலைக்கு மூலவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் ஹார்டாங்கர் பகுதி போட்னன் பண்ணையின் ஐசக் நில்சன், அவர் மகன் துரோண்ட் ஐசக்சன். 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் கையிலிருந்து ஏராளமான கருவிகள் நாடெங்கும் போயின. அதற்கும் முந்தியதாகச் சொல்லப்படும் யோஸ்டாட் ஃபிடில் பெர்கன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 1651 என்று ஆண்டு எழுதியிருக்கிறது. அந்த ஆண்டை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. கருவிக்குள் ஒட்டிய சீட்டை நம்பிப் பழைய ஃபிடில் வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். முதல் வருடம் வாங்கவே வேண்டாம், உள்ளூர் ஃபிடில் சங்கத்தில் இரவலோ வாடகையோ கேளுங்கள்.

தாளில் முதல் பயிற்சி: கூர்நிப்புப் பேனா, கரி கலந்த இந்தியன் இங்க், 10 செ.மீ. நீளத்தில் ஒரு எஸ் வளைவு. ஒரே இழுப்பு. தொடக்கத்தில் முடிபோல மெல்லியது, வயிற்றில் தடித்து, நுனியில் மறுபடி மெலிய வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் தாளைத் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இருபது போதும். வில்லின் அழுத்தமும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், சொல்லிக்கொடுத்தால் சுவையில்லை. அடுத்து ஒரு பழைய ஃபிடிலின் தெளிவான படத்தை எடுத்து, முதலில் தண்டை மட்டும் நகலெடுக்க வேண்டும். இலையும் பூவும் இரண்டாம் வாரம். இலையின் நிழலை இணைகோடுகளால் போடுவார்கள். கோடுகள் வளைவைப் பின்பற்ற வேண்டும், குறுக்கே நேராகப் போனால் இலை தகரம்போல ஆகிவிடும்.

மரத்தில் வரைவது வேறு கதை. மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். அதில் மிருதுவான வெளிர்ப்பகுதியும் கடினமான கருவரியும் மாறிமாறி வரும். வெறும் மரத்தில் மை வைத்தால் மிருதுவான பகுதி உறிஞ்சி, கோடு மரநரம்பின் திசையில் மீசைபோல ஓடும். நிப்பு கருவரியைக் கடக்கும்போது துள்ளவும் செய்யும். அதற்குத்தான் முதலில் அடைப்புப் பூச்சு. சாதாரண ஜெலட்டின் 3 கிராமை 100 மி.லி. நீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரைத்து, பஞ்சால் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. இரவு முழுதும் காயவேண்டும். காலையில் தொட்டால் நார்கள் சிலிர்த்திருக்கும். 400 எண் உப்புத்தாளால் நரம்பின் திசையில் நாலே தேய்ப்பு, அதற்குமேல் தேய்த்தால் பூச்சே போய்விடும். பிறகு மிருதுவான பென்சிலால் அழுத்தாமல் கோலம் போட வேண்டும். கடினப் பென்சில் ஸ்ப்ரூசில் பள்ளம் போடும், அந்தப் பள்ளத்தில் மை தேங்கும். மேற்பலகைக்கு 0 எண் தூரிகையும் பின்பலகையின் மேப்பிளுக்கு நிப்பும் என்று பிரித்துக்கொண்டால் எரிச்சல் குறையும்.

ஃபவுண்டன் பேனா மை வேண்டாம். அது சாயம், ஓடும், வெயிலில் மங்கும். கோடு பிசகினால் அழிப்பான் உதவாது, முழுதும் காய்ந்தபின் கூரிய பிளேடால் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஜெலட்டின் வைக்க வேண்டும். வார்னிஷ் போடும்போதுதான் பெரும்பாலானவர்கள் அழுவார்கள். இந்தியன் இங்க் பலவற்றில் அரக்கு சேர்ந்திருக்கும், ஸ்பிரிட் வார்னிஷில் உள்ள ஆல்கஹால் அதைக் கரைக்கும். தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டினால் ஒரு மாத வேலை சாம்பல் நிறமாகிவிடும். முதல் பூச்சை ஒரே திசையில், திரும்ப வராமல், மெல்லியதாகக் கொடுக்க வேண்டும், அல்லது எண்ணெய் வார்னிஷ். எதுவானாலும் அதே மரத்தின் வெட்டுத்துண்டில், அதே மையை வைத்து முதலில் சோதிக்காமல் இறங்கவே கூடாது. சிப்பி பதிக்கும் ஆசை வந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சிப்பித் தூள் நுரையீரலுக்குக் கேடு, முகமூடியோடு நனைத்து அராவும் பழக்கமுள்ளவரிடம் மட்டும் கற்க வேண்டும்.

கற்பனை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நாட்டார் கதை சொல்வது, அருவியில் வாழும் ஃபோசெக்ரிம் என்ற நீர்ப்பூதத்திடமிருந்து. வியாழக்கிழமை இரவு ஒரு துண்டு இறைச்சியைக் காணிக்கையாகக் கொண்டுபோனால், அது சீடனின் விரல்களைப் பிடித்துத் தந்தியில் ரத்தம் வரும்வரை தேய்க்குமாம். இறைச்சி குறைந்தால் சுருதி சேர்க்க மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுமாம். ஒன்பது பிரடை கொண்ட கருவியை வாசிப்பவர்கள்தான் இந்தக் கதையைக் கட்டியிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை! கிறிஸ்தவ பக்தி இயக்கங்கள் வலுத்த 19ஆம் நூற்றாண்டில் இதே ஃபிடில் பிசாசின் கருவி என்று எரிக்கப்பட்டும் இருக்கிறது. அதே காலத்தில், 1848இல், அடோல்ப் டிடமான்ட் மனிதர்களையும் ஹான்ஸ் குடெ மலையையும் நீரையும் தீட்டிய ஹார்டாங்கர் கல்யாண ஊர்வல ஓவியத்தில் படகில் உட்கார்ந்து ஒருவர் ஃபிடில் வாசிக்கிறார். ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கட்டும்.

ஆனால் அருவியும் பூதமும் நேரே படத்தில் இறங்கினால் சுற்றுலாக் கடை அஞ்சலட்டைதான் மிஞ்சும். இளம் கைக்கு அதைவிடப் பயன் தருவது ஒஸ்லோவின் பிக்டோயில் உள்ள நாட்டார் அருங்காட்சியகத்தின் டெலிமார்க், ஹல்லிங்டால் அறைகள். ஒரு பெட்டி மூடியின் முன் ஒரு மணி நேரம் நின்று, தண்டு எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் பிரிகிறது, பூ எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் குறித்துவர வேண்டும். அன்றைக்கே கேட்ட மெட்டின் வேக்குகளைப் பக்கத்தில் எழுதிப்பார்த்தால், பிரியும் இடங்களில் ஒற்றுமை தெரியும். சில நாள் தெரியாது. தெரியாத நாளில் வலிந்து பொருத்தக் கூடாது.

அன்றாட ஒழுங்கில் இரண்டு விஷயம். வில் முதலில், பேனா பிறகு. நுண்கோடு வரைந்த கட்டைவிரல் இறுகியிருக்கும், அந்தக் கையோடு வில்லைப் பிடித்தால் ஒலி கீச்சிடும். வரையும் மேசை வேறு, வாசிக்கும் இடம் வேறு. வில்லில் தேய்க்கும் பிசினான ரோசினின் தூள் தாளில் படிந்தால் அந்த இடத்தில் மை பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடும், காரணம் தெரியாமல் நிப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஃபிடில்மேல் படிந்த ரோசினை உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிட் தொட்டால் வார்னிஷோடு படமும் போகும்.

ஆசிரியருக்கு நகராட்சி கலைப்பள்ளியில் தொடங்கிக் கேளுங்கள், எல்லா ஊரிலும் ஃபேலெ ஆசிரியர் இருப்பதில்லை, ஃபிடில் சங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் படிப்பாகவே எடுக்க நினைத்தால் ஒஸ்லோவில் இசைக் கல்லூரி இருக்கிறது. நாடளாவிய போட்டியான லான்ஸ்காப்ளைக்கனுக்கு முதலில் பார்வையாளராகப் போகட்டும். மேடையைவிட, இரவில் தாழ்வாரத்தில் நடக்கும் வாசிப்பில் கற்க நிறைய இருக்கும்.

அவளுடைய வயலினைப் பற்றி: அதில் ஏற்கனவே வார்னிஷ் இருக்கிறது. மேலே வரைந்தால் மை பிடிமானமில்லாமல் நிற்கும், வியர்வை பட்ட இடம் முதலில் உரியும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு வரைந்தால் பலகை மெலியும், ஒலி மாறும், ஆசிரியர் கேட்கும் கேள்விக்குப் பதிலும் இருக்காது. வார்னிஷ் போடாத வெள்ளை வயலின் என்று தனியாக விற்கிறார்கள், தந்தி பூட்டாமல் வரும். அதை வாங்கி, பின்பலகையிலிருந்து தொடங்கட்டும். மேப்பிளில் பிழை குறையும், பிழைத்தாலும் வாசிப்பவர் உடம்புப் பக்கம் மறைந்துவிடும். மேற்பலகைக்கு வரும்போது குதிரையின் காலடியைச் சுற்றி இரண்டு செ.மீ. இடத்தையும் எஃப் துளைகளின் ஓரத்தையும் வெறுமையாக விட வேண்டும். அங்கே கொடி ஏறினால் குதிரையை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு இலை தேயும்.